ஓடவிட்ட முத்தம்

இஞ்சேருங்கோ,

நான் மோர்னிங்சைட் பஸ்ஸில வேலைக்குப் போறன். ஸ்நோ கொட்டுது, காரை நீங்கள் எடுங்கோ. கார்த் திறப்பு மேசையில, புட்டு அடுப்படியில.

ஜெரின் இன்னும் நித்திரை. ட்ராகன் படத்தில ராசகுமாரன் செத்திட்டான் எண்டு நேற்றுப் படுக்குமட்டும் அழுதவன். பிள்ளைக்கு வெட்டுக்கொத்துத்தான் கூடாது எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் அதையெல்லாம் பார்க்க விட்டிட்டு, முத்தம் வந்தவுடன ரிமோட்டைப் பறிச்சுப் படம் முடியுமட்டும் வேகமா ஓடவிட்டன். அவனுக்கு முன்னால உங்களோட கத்தினதும் பிழை.

காலமை தனியப் போட்டுப் பார்த்தன். அந்த முத்தத்திலதான் ராசகுமாரன் உயிரோட எழும்புறான். ஜெரினுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கோ.

மெரினா

பி.கு.: எங்களிட்டயும் அவன் சண்டையை மட்டும்தான் கண்டிருக்கிறான். பின்னேரம் நான் வரேக்க அவனையும் கூட்டிக்கொண்டு கதவடிக்கு வாங்கோ.