மாலை போட்ட டாலர்

மகனுக்கு,

அன்புள்ளன்னு எழுத இன்னிக்குக் கை வரல.

ராசா ஊரு பசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, போட்டோ டாலர் செஞ்சு விக்கிறே, சரி. மாதிரிக்குன்னு என் போட்டோவையும் டாலராக்கி போன்ல போட்டிருக்கியே, அதுக்கு எதுக்குடா சந்தனப் பொட்டு, மாலை? செத்தவங்க படமா செஞ்சு செஞ்சு கை பழகிடுச்சா?

அதைப் பார்த்துட்டு, சுங்கை காடுட்டுலேர்ந்து உன் அத்தை நேத்து மாரடிச்சு அழுதுகிட்டே வந்தா. கதவைத் திறந்ததே நான்தான்! "அண்ணி, நீங்களா?"ன்னு படியிலேயே உட்கார்ந்துட்டா. உயிரோடதான் இருக்கேன்லான்னு சொல்லி, கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.

முதல்ல அந்தப் படத்தை எடு.

நான் செத்துட்டேன்னு நினைச்சதும் அவ பஸ் ஏறி வந்துட்டா. இருக்கேன்னு தெரிஞ்ச நீதான் ரெண்டு தீபாவளியா வரல.

கோலா கிளாவாங் தோட்டத்தில் இருக்கும்,
உன் அம்மா