விதானையார் வாங்கிய எண்பத்து நாலு

2025 ஜனவரி 12, ஞாயிறு
இன்றும் செங்கலடியில் வகுப்பு. வேலை செய்கிறவர்கள் சனி ஞாயிறு வந்து படிக்கிற தலைமைத்துவப் பட்டம். தொண்ணூறில் சண்டையால் விட்ட கம்பஸ் படிப்பைத் தொடர்கிறேன். (அன்று போனது ஒரு மாதம். ஊருக்குச் சொன்னது ஒரு வருசம்.) மற்றவர்கள் அரசாங்கக் கந்தோரில் கதிரை தேய்ப்பவர்கள். நான் கிரானில் நானூறு ஏக்கர் வயல் வட்டைக்குப் பதினெட்டு வருசமாகத் தண்ணீர் பங்கிடுகிற விதானை. பட்டப்படிப்புக்காரன் என்றால் மார்ச்சில் விதானையைத் தெரிகிற கூட்டத்தில் எவன் என்னை மாற்றுவான்?

ஜனவரி 25
எழுதிக் கொடுக்க ஒப்படை தந்திருக்கிறார்கள்: தலைவனாக நீங்கள் விட்ட ஒரு பிழை. எனக்கு ஏது பிழை? தட்டச்சு செய்து தருகிற தங்கச்சி மகள் ஆர்த்திகா சிரித்தாள். "பெருமை எழுதினா மார்க் வராது மாமா. பிழை பெரிசா இருந்தாத்தான் போடுவாங்க."
பெரிசாகவே வைப்போம்.

ஜனவரி 26
2019 சிறுபோகம், கோடைகால வேளாண்மை. வாய்க்காலின் கடைசியில் சின்னத்தங்கத்தின் வயல். அவளுடைய முறைத் தண்ணீரை இரண்டு தடவை என் வயலுக்குத் திருப்பினேன். யானை வாய்க்கால் கட்டை உடைத்துவிட்டது என்றேன். பந்தம் பிடித்துத் தனியாக விரட்டினேன் என்றும் சொன்னேன் — மூன்று யானை, சொல்லச் சொல்ல ஐந்தாகிவிட்டது. யானையே வரவில்லை. அவளுடைய இரண்டு ஏக்கரும் கதிர் தள்ளுகிற நேரத்தில் கருகின.
"மெய்யா மாமா?" என்றாள் ஆர்த்திகா. கற்பனை என்றேன்.

பெப்ரவரி 15
எண்பத்து நாலு. வகுப்பிலேயே ஆகக் கூடிய மார்க். இவ்வளவு நேர்மையாக யாரும் எழுதவில்லை என்று படிப்பிக்கிற சேர் கையைப் பிடித்தார். கண் கலங்கினார் என்றாலும் தப்பில்லை.

பெப்ரவரி 17
பத்துப் பிரதி எடுத்தேன். கமக்காரர் சங்கப் பலகையில் ஒன்று, தேத்தண்ணிக் கடையில் ஒன்று. வட்டம் போட்ட 84 தூரத்திலேயே தெரிகிறது. நாலு பக்கத்தையும் யார் வாசிக்கப் போகிறார்கள்?

பெப்ரவரி 20
வாசிக்கிறார்கள்.

மார்ச் 5
சிறுபோகக் கூட்டம். சின்னத்தங்கத்தின் மருமகன் பிரதீஸ் எழும்பி நாலு பக்கத்தையும் சத்தமாக வாசித்தான். மார்க்குக்காக எழுதின கதை என்று சொல்ல எழும்பினேன். அதற்குள் சின்னத்தங்கம்:
"விதானையார், அந்த வருசம் உங்கட வீட்ட வந்து அழுதன். தேத்தண்ணி தந்து யானைக் கதை சொன்னீங்க. நானும் சிரிச்சனே."
கோபமாய்ச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். எனக்கா வாய் வராது? ஆனால் எழும்பினவன் திரும்ப உட்கார்ந்தேன்.
எனக்கு உயர்ந்தது மூன்று கை. ஒன்று என்னுடையது. பிழையை எழுதச் சொன்ன சேர் வந்து நின்றிருக்க வேண்டும் அங்கே. புதிய விதானை பிரதீஸ்.

மார்ச் 16
வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த ஒப்படையாம்: அந்தப் பிழையை எப்படித் திருத்தினீர்கள்? சீ.

ஏப்ரல் 4
இன்று என் வயலின் முறை. விடியவே போய் வாய்க்கால் கரையில் நின்றேன், மணிக்கூட்டைப் பார்த்தபடி. பிரதீஸ் சொன்ன நேரத்துக்குத் திறந்தான். சொன்ன நேரத்துக்குப் பூட்டினான். ஒரு நிமிசம்கூடக் குறைக்கவில்லை.
குறைத்திருக்கலாம். எனக்கும் ஊரில் சொல்ல ஒன்று இருந்திருக்கும்.