பூட்டை அறுத்தது நான்தான்

கடலூர்
24.4.2025

அன்புள்ள ராணி அப்பாவுக்கு,

ஆண்டவர் துணையிருக்க, ஜோதி மேரி எழுதுவது. நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. அந்தச் சேதி எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் மட்டும் மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறதே! கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. உங்களோடு வேலை செய்யும் புவனகிரி லியோ தம்பி லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறது. அதன் கையில் கொடுத்துவிடுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் அண்ணன் விஷயம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் சிதம்பரத்திலிருந்து ஒரு குட்டியானை வண்டியோடு வந்து நின்றார். கட்டில், பீரோ, நான், ராணி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் இறக்கச் சொல்லி நீங்கள்தான் உத்தரவு போட்டீர்களாம். வண்டியைக் காலியாகவே திருப்பி அனுப்பிவிட்டேன். கோபம் வரும். வரட்டும். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு கோபப்படுங்கள்.

போன மே மாதம் நான் அடுப்படியில் மயங்கி விழுந்தது வாஸ்தவம். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு அக்கினி நட்சத்திரம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், எழுந்து வந்துவிட்டேன். அதற்குள் அங்கிருந்தே முடிவு கட்டிவிட்டீர்கள். ராணிக்குப் பத்தாவது முடிந்ததும் ஜோதி சிதம்பரம் போகட்டும், நான் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, ஏசி வைத்த கீழ்வீடு ஒன்று வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்புவேன் என்று. விழுந்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மாசி மாதம் கயல்விழி என்று ஒரு இன்ஜினியர் பெண் நம் ஃபிளாட்ஸுக்கு வந்தாள். சிதம்பரத்தில் ஒரு தொண்டு அமைப்பில் வேலை. வெயிலைத் திருப்பியடிக்கிற வெள்ளைப் பெயிண்ட்டை அவர்கள் இலவசமாகத் தருவார்களாம். தளத்தைக் கழுவுவதும் அடிப்பதும் குடியிருப்பவர்கள் பொறுப்பு. வியாழக்கிழமை பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் எடுத்துச் சொன்னேன். தவக்காலத்துக்குக் கறி மீனை விடுவது வருஷா வருஷம் நடக்கிறது, இந்த வருஷம் உடம்பு வளைந்து ஒரு ஒறுத்தல் செய்வோம் என்றேன். பதினொரு பெண்கள் கை தூக்கினார்கள்.

மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கீழ்வீட்டு வைத்திலிங்கம் சார் குடியிருப்போர் சங்கத் தலைவரான நாளிலிருந்து அது அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. மூன்று நாள் போய்க் கேட்டேன். “பொம்பளைங்கல்லாம் ஏறி மிதிச்சா தளம் கசியும்மா. மேல்வீட்டுக்குச் சூடுன்னா கீழ்வீட்டுக்காரன் இன்னாத்துக்கு ஒத்துக்கணும்?” என்றார். நாலாம் நாள் உங்கள் பழைய டூல் பாக்ஸைத் திறந்து ஹாக்சாவை எடுத்தேன். ஆமாம், பூட்டை அறுத்தது நான்தான். கால் மணி நேரம் ஆனது, கை கொப்பளித்தது. அறுத்த கையோடு புதுப் பூட்டு வாங்கி, ஒரு சாவியை அவரிடம் கொடுத்தேன், இன்னொன்றைப் படிக்கட்டுச் சுவரில் ஆணியடித்து எல்லோருக்கும் பொதுவாக மாட்டினேன். போலீசுக்குப் போவேன் என்றார். நானே ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். போகவில்லை.

இதற்கப்புறம் நாங்கள் செய்த கூத்தையும் மறைக்கவில்லை. தளத்தைப் போர் தண்ணியில் கழுவினோம். கடலூர் போர் தண்ணி! துணியில் உப்புப் பூக்கும், குழாய் வாயெல்லாம் உப்புக்கட்டி, தலைக்கு ஊற்றினால் முடி நாராகும். இவ்வளவும் தெரிந்த பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்குக்கூட உறைக்கவில்லை. நல்ல தண்ணி குடிக்க, உப்புத் தண்ணி கழுவ என்று கை பழகிவிட்டது. உப்புப் படிந்த தளத்தில் அடித்த பெயிண்ட் எட்டே நாளில் அப்பளம் அப்பளமாக உரிந்து வைத்திலிங்கம் சார் வாசலில் போய் விழுந்தது. அவர் அதைக் கூட்டி அள்ளி ஒரு கவரில் போட்டு நம் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போனார்.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டு, சிதம்பரம் போய்விடுகிறேன் என்று சொல்ல இருந்தேன். சிக்னல் இல்லை. அந்த ஒரு தடவை மட்டும் உங்கள் சிக்னலுக்குக் கும்பிடு.

மறுநாள் காலை எல்லாவற்றையும் சுரண்டினோம். தெருக்கோடிக் குழாயிலிருந்து நல்ல தண்ணியைக் குடம் குடமாக மூன்று மாடி தாண்டிச் சுமந்தோம். இரண்டாம் நாள் படியில் எனக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்க ஏறுகிறார்களே என்று திரும்பினால், இடுப்பில் குடத்தோடு பட்டம்மாள் அக்கா! வைத்திலிங்கம் சார் சம்சாரம்தான். “அவுரு கெடக்குறாரு. எங்க அக்கா மேல்வீட்ல வெந்தா நான் கீழ பாத்துக்கினு இருப்பனா? நீயும் எனக்கு அப்பிடித்தான்” என்றார்கள். அப்புறம் நாலு கீழ்வீட்டுக் குடமும் மேலே ஏறியது. காய்ந்தபின் இரண்டு கோட்டிங், தண்ணீர்த் தொட்டிக்கும் சேர்த்து.

கயல்விழி துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறாள். முன்பு மதியம் இரண்டு மணிக்கு நம் கூடத்துக் கூரையில் காட்டியது நாற்பத்தைந்து. இப்போது முப்பத்தேழு. ராணி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கடைசி ஒரு வாரம் அந்தக் கூடத்தில்தான் படித்தாள். வைத்திலிங்கம் சார் இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தொட்டி வெள்ளையானதிலிருந்து மதியம் குழாயில் கொதிதண்ணி வருவதில்லை. இரண்டு மணிக்குக் குளிக்கிறார், பாட்டு மாடிவரை கேட்கிறது.

வண்டியோடு வந்த உங்கள் அண்ணனுக்குச் சாப்பாடு போட்டு, கூடத்தில் பாய் விரித்து, அரை மணி நேரம் படுங்க மாமா, அப்புறம் சாமான் கட்டலாம் என்றேன். மதியம் ஒன்றரை மணி, ஃபேன் மட்டும்தான். மனிதர் ஐந்து மணி வரை குறட்டை! கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்துவிட்டார். எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். “நான் அவங்கிட்ட பேசிக்கிறேன், நீ இங்கயே இரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் பேசியிருக்க மாட்டார். உங்களுக்குப் பயம்.

இப்போது அந்தக் கடைசி விஷயம். லியோ தம்பி போன வாரம் வந்தது. பேச்சுவாக்கில் வாய் தவறிவிட்டது, அதைத் திட்டாதீர்கள். போன ஜூன் மாதம் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஏசி மாட்டும்போது நீங்கள் சுருண்டு விழுந்தீர்களாமே. மூன்று நாள் ஆஸ்பத்திரியாமே. நான் விழுந்ததைச் சிதம்பரம் வரைக்கும் சொன்னீர்கள். நீங்கள் விழுந்ததை எனக்குச் சொல்லவில்லை. எவர் எவர் வீடோ குளிர நீங்கள் வெயிலில் வேகவேண்டும், அந்தக் காசில் நான் குளிர்ந்த வீட்டில் தூங்கவேண்டும், இல்லையா? அப்படி ஒரு தூக்கம் எனக்கு வராது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடலூரிலும் ஏசி ரிப்பேர் ஆகிறது. ஹாக்சாவுக்கு எண்ணெய் போட்டு உங்கள் டூல் பாக்ஸிலேயே வைத்திருக்கிறேன்.

நாலு வருஷமாகிறது. ராணி என் தோளைத் தாண்டிவிட்டாள். ராத்திரி ஜெபத்தில் முதலில் உங்கள் பெயரைத்தான் சொல்கிறாள். ஆண்டவர் அந்த வெயிலில் உங்கள் தலைமேல் நிழலாக நிற்கட்டும். நான் இங்கிருந்து இறங்கி வரமாட்டேன். நீங்கள் ஏறி வாருங்கள், மூன்றே மாடிதான்.

உங்கள்
ஜோதி மேரி