காலியாக விட்ட ஓட்டைகள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். கப்பல் கரை சேரும்வரை உன்னைப் போனில் பிடிக்க முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதனால் அடுத்த துறைமுகத்தில் உன் கையில் சேர்க்கும்படி இதை அவர்களிடமே கொடுக்கிறேன். பதறாமல் படி. அம்மா உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இன்று ஒன்பதாவது நாள்.

பரணிலிருந்து போர்வை எடுக்க ஏறினாள். ஏணியின் மூன்றாவது படி ஒரு பக்கம் கழன்றுகொண்டது. மடங்கிய முழங்கால் அப்படியே சிமெண்டுத் தரையில் மோதியது. பட்டறையிலிருந்து ஓடிவந்த எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விழுந்து கிடந்த அவள்தான், "காலைத் தூக்காதீங்க, பலகை வச்சுக் கட்டுங்க" என்று எனக்கு வேலை சொன்னாள்.

அந்த இரும்பு ஏணி நான் வெல்டிங் வைத்துப் பற்றவைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தேன். ஒட்டிய இடத்தில் விரிசல், விரிசலுக்குள் துரு. துரு ஒரே நாளில் வராது. முப்பது வருஷமாக மற்றவர்கள் வீட்டு கேட்டிலெல்லாம் குறை கண்டுபிடிக்கிறவன், என் வீட்டு ஏணியைப் பார்க்கவில்லை.

எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, "கால் வழுக்கிடுச்சு" என்றாள் உன் அம்மா. பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்கிறாள். படி கழன்றது அவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் மறைக்கிறாளா? எனக்குப் பிடிபடவில்லை.

வைத்தியமும் அப்படித்தான், எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தால் போதாதா என்று கேட்டேன். விரிசல் மூட்டுக்குள் இறங்கியிருக்கிறது, அந்த இடம் வழவழப்பாகப் பொருந்தாவிட்டால் கால் சரியாக மடங்காது, மாதக்கணக்கில் படுத்தால் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி சேரும் என்றார் டாக்டரம்மா. எலும்புக்குள் கம்பி விடலாம் என்று இன்னொரு டாக்டர் சொன்னார். வெளிப்பக்கம் தகடு வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு எது சரி என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். கடைசியில் தகடு வைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து எக்ஸ்ரே காட்டினார்கள். தகட்டில் நாலு ஓட்டை காலி! ஸ்க்ரூ போட மறந்துவிட்டார்களோ என்று கேட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "வேணும்னுதான் விட்டிருக்கோம். ரொம்ப விறைப்பா இறுக்கினா எலும்பு சேர நாளாகும். துளி அசைவு இருக்கணும். தகடு தாங்கிப் பிடிக்க மட்டும்தான், சேர வேண்டியது எலும்புதான்" என்றார். என் தொழிலில் ஒட்டிய இடம் அசைந்தால் வேலை தெரியாதவன் என்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

மறுநாளே முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மடக்கலாம், ஆனால் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஊன்றக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குகிறாள். செங்கோணத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. நான் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால், "இங்க பாருங்க, எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க" என்று அதட்டுகிறாள்.

நாலு நாளைக்கு முன்னால் பயிற்சி கொடுக்கும் பெண், நல்ல காலில் நிற்கப் பழக வாக்கர் வேண்டும், கடையில் வாங்கி வாருங்கள் என்றாள். அதற்கு உன் அம்மா, "கடையில எதுக்கு? இவரே பண்ணித் தருவாரு" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அது மன்னிப்பா, தண்டனையா, அல்லது அவளுக்கு ஒன்றுமே தெரியாதா?

பட்டறையில் குழாயை அறுத்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பற்றவைத்தேன், பிடிக்காமல் அறுத்தெடுத்தேன், மறுபடி வைத்தேன். மூன்று தடவை. முடிந்ததும் என் முழு எடையையும் போட்டு ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். எதிர் டீக்கடைக்காரர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். வாக்கர் அசையவில்லை. ஆனாலும் இரண்டு நாளாகச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இன்று காலையும், "ஆச்சா?" என்றாள். பெயிண்ட் காயவில்லை என்றேன். அதுவும் பொய்.

நாளை எடுத்துப் போகிறேன். அவள் அதில் கை வைப்பதற்கு முன்னால் படியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவளிடம் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை.

நீ வேலையை விட்டு ஓடிவர வேண்டாம். கரைக்கு வந்ததும் முதலில் அம்மாவிடம் பேசு. அவள் பேச்சில் என்மேல் வருத்தம் இருக்கிறதா என்று மட்டும் கவனித்து எழுது. பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, பட்டறை விலாசத்துக்கு அனுப்பு. நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கண்ணா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா