எர்னெஸ்டீன் எழுத வேண்டாம்

இங்கிள்வுட், லாஸ் ஏஞ்சலஸ்
மார்ச் 2003

அன்புள்ள வெர்னெட்டாவுக்கு,

ஒலா மே எழுதுகிறேன். லேக் சார்ல்ஸில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் அங்கே மழை பெய்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்த வயதில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்ததும் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பயமே வந்தது. செய்தி எப்படியோ சபைக்குள் பரவிவிட்டது. போன வாரம் சிஸ்டர் எர்னெஸ்டீன் ஒரு கையில் வெண்ணெய் கேக்கும் மறுகையில் பேனாவுமாக வந்து நின்றாள். "சும்மாதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஆமா, நீங்க பொறந்தது மேக்கன்லயா, சவானாலயா?" என்றாள். அடக்க ஆராதனையில் எல்லோருக்கும் கொடுக்கும் புத்தகத்தில், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எங்கள் சபையில் அவள்தான். நான் உயிரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் எழுதுவதுதான் உனக்குத் தெரியுமே. எல்லோருக்கும் ஒரே குறிப்பு, பெயர் மட்டும் மாறும். எல்லோருமே சிறு வயதிலேயே கர்த்தரை ஏற்று இரட்சிக்கப்பட்டவர்கள். சபைப் பொறுப்பில் இருந்த டீக்கன் பர்விஸ் தலை நரைத்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் குடித்துவிட்டு விழுந்து கிடந்தவர். அவரும் சிறு வயதிலேயே இரட்சிக்கப்பட்டாராம். அவர் மனைவியே அதைப் படித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் எர்னெஸ்டீனிடம், "எனக்குன்னு ஒரு எழுத்தாளர் லூசியானால இருக்கா. நீ பேனாவ மூடிக்கோ, கேக்க மட்டும் வெச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே கோபம். ஆனாலும் கேக்கை வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஆகவே என் வாழ்க்கைக் குறிப்பை நீதான் எழுதித் தர வேண்டும். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "எழுதறத விட்டு வருஷக்கணக்காச்சு ஒலா மே. உள்ள ஒண்ணும் மிச்சமில்ல." கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டபோதும் இதையேதான் சொன்னாய். நான் நம்பவில்லை. உன்னை எழுத்தாளர் என்று நீ நம்புவதற்கு முன்னால் நம்பியவள் நான்.

டிவியில் நம் 'டாலிவர் வீடு' சிரிப்புத் தொடர் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார். கதை நம் கறுப்பு ஜனங்களைப் பற்றியது. எழுதியதோ ஆறு வெள்ளைக்கார ஆண்கள். அவர்கள் எழுதியதை டைப் அடிக்கும் பெண்ணாகக் காபி மெஷின் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். நடிகர்கள் நாங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை முதல்முறை வாசிக்கிற நாள் அது. பக்கம் பக்கமாக உப்புச் சப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கதையில், வேலையை விட்டுவிட்டேன் என்று புருஷன் வந்து நிற்கிறான். அப்போது நான் நடித்த ஜெனிவா டாலிவருக்கு ஒரு வரி. "சரி, உக்காரு. சாப்ட்டுட்டுத் திட்டு வாங்கிக்கோ." வாசித்ததும் என் பெரியம்மாவின் குரல் காதில் விழுந்தது. இதை எழுதியது யார் என்று கேட்டேன். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ கையைப் பாதி தூக்கி, டைப் அடிக்கும்போது தவறிப்போய் வந்துவிட்டது என்றாய். ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை உனக்கு. கொஞ்ச நாளிலேயே எழுதுகிறவர்களின் அறையில் உனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த அறையில் அவர்கள் உன்னைக் கேட்டதையெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது வந்து சொல்வாய். "உங்க வீட்ல அம்மாக்கள் நிஜமாவே இவ்ளோ நேரம் பேசுவாங்களா?" என்று ஒருவன் கேட்டானாம். "எங்க அம்மா பேசி முடிச்சிருந்தா நான் ஏன் சார் இவ்ளோ தூரம் வந்திருக்கப் போறேன்?" என்றாயாம். நான் சிரித்த சிரிப்பில் மேக்கப் கலைந்து போனது.

நீ தயாரிப்பாளர்களில் ஒருத்தியான வருஷம் நடந்த படுக்கையறைக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சேனலிலிருந்து வந்த அந்த நீலச் சட்டைக்காரர், நான் தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அழகாக இல்லை, அவிழ்க்கச் சொல்லுங்கள் என்றார். "சார், எங்க பொம்பளைங்க கல்யாணம் ஆன அன்னிக்கு ராத்திரிகூட முடியக் கட்டிட்டுத்தான் படுப்பாங்க" என்றாய். அவர் கேட்கவில்லை. படப்பிடிப்பை நேரில் பார்த்துச் சிரிக்க பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. நீ சண்டை போடாமல் ஒரு காகிதத்தில் ஏதோ கிறுக்கி, என் புருஷனாக நடித்த லெமுவேலின் கையில் கொடுத்தாய். நான் தலைமுடியை விரித்துவிட்டுக்கொண்டு அரசி மாதிரி வந்து படுத்தேன். லெமுவேல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜெனிவா, இந்நேரத்துல எங்க கெளம்பிட்ட?" என்றான். அங்கே வந்திருந்த நம் பெண்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நான் கட்டில் பக்கத்துப் பெட்டியிலிருந்து துணியை எடுத்துக் கட்டிய பிறகுதான் அடங்கினார்கள். நீலச் சட்டைக்காரரும் சிரித்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என் தலைத் துணியில் யாரும் கை வைக்கவில்லை.

பிறகு தொடரே உன் பொறுப்புக்கு வந்தது. நீ எழுதிய வேடிக்கையை முதலில் கிரென்ஷாவில் இருக்கும் முடி அலங்காரக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் வாசிப்பாய். முடியைக் காய வைக்கும் மெஷின் கூண்டுக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், சரியாகக் கேட்க வேண்டும் என்று கூண்டைத் தூக்கினால் அந்த வரி தப்பித்தது. தூக்காவிட்டால் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவாய். உன் பெயர் முதன்முதலாகத் திரையில் தனியாக வந்த அன்று, லேக் சார்ல்ஸில் உன் அம்மா சபையையே வீட்டுக்கு அழைத்திருந்தார். மறுநாள் போனில், "கண்ணச் சிமிட்டறதுக்குள்ள போயிடுச்சே, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லக் கூடாதா?" என்று உன்னைக் கேட்டார் பார், எனக்கும் அதே குறைதான்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன, வெர்னெட்டா. அவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று அப்போது நமக்கு உறைக்கவில்லை.

முடிவைக்கூட எடுக்க விடாமல் சேனல் தொடரை நிறுத்திய விதம் எனக்கும்தான் வலித்தது. கடைசி எபிசோடை நீ எழுதிக் கொண்டுவந்தபோது ஸ்டூடியோவில் டாலிவர் வீட்டின் சமையலறைச் சுவரை ஆட்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாமெல்லோரும் வெளியே கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து, பொரித்த கோழியைத் தின்றுகொண்டே அதை வாசித்தோம். காமிரா இல்லை, கைதட்ட ஆள் இல்லை. ஜெனிவா கதவைப் பூட்டும் இடத்தில் லெமுவேல் அழுதுவிட்டான். நீ மட்டும் அழவில்லை. காகிதங்களைக் காரின் பின்பெட்டியில் போட்டு மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டாய். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறாய் என்று நினைத்தேன். அம்மாவை அடக்கம் செய்தும் காலமாகிவிட்டது. இன்னும் நீ திரும்பவில்லை. அந்தச் சேனல்காரர்கள் ஒரு தொடரைத்தான் நிறுத்தினார்கள். உன்னை நிறுத்தியது நீதான். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இத்தனை நாள் துணிச்சல் வரவில்லை.

குறிப்பில் என்ன வர வேண்டும் என்று சொல்கிறேன். நான் சிறு வயதில் இரட்சிக்கப்படவில்லை. இரண்டாவது புருஷன் காரையும் எடுத்துக்கொண்டு ஓடிய பிறகு, ஃப்ரெஸ்னோவில் ஒரு பஸ் நிலையத்தில்தான் எனக்குக் கர்த்தரின் நினைவே வந்தது. அதை அப்படியே எழுது. அடுத்தது, புத்தகத்தில் 'வாழ்க்கைக் குறிப்பு, மௌனமாக வாசிக்கவும்' என்று போட்டு, ஆர்கனை வாசித்து எல்லோரையும் தூங்க வைப்பார்களே, அது எனக்கு வேண்டவே வேண்டாம். உரக்க வாசிக்க வேண்டும். சபை சிரிக்க வேண்டும். எர்னெஸ்டீனும் சிரிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு யார் முகமும் நினைவுக்கு வரவில்லை. அடுத்து என்ன வசனம், யாராவது எழுதிக் கொடுத்தால் தேவலையே என்றுதான் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. உட்கார்ந்து எழுது, கண்ணு. நல்லபடியாக வந்த பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொள்ளாதே. உனக்கு என்றைக்கு முதல் பிரதி நன்றாக வந்திருக்கிறது? எப்படி இருந்தாலும் அனுப்பு. திருத்தம் சொல்ல நான் இருப்பேன்.

என்றும் உன்,
ஒலா மே பிக்கன்ஸ்