சந்தூக்கில் பூசிய பட்டி

ஏப்ரல் 16, 2025
பள்ளிவாசல் சந்தூக்கின் முன்கைப்பிடியில் விரிசல். இறந்தவரின் மய்யித்தைச் சுமக்கும் அந்த இரும்புச் சட்டத்தைப் பற்றவைக்கும் வேலையை ஜமாஅத் தலைவர் சலாவுதீன் என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார். கிள்ளானில் சைக்கிள், சக்கர நாற்காலிச் சட்டங்களுக்கெல்லாம் பித்தளை ஒட்டுப் போடுபவர் இவர்தானே. போன வேகத்தில் திரும்பி வந்தார். சட்டையில் பச்சைப் பெயிண்ட். பித்தளை வாடையே இல்லை.

ஏப்ரல் 17
கேட்டேவிட்டேன். பற்றவைக்காமல், விரிசலில் பட்டிப் பசையை வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்.

"பள்ளியில நெருப்பு வைக்கக் கமிட்டி விடாது."

"கடைக்குக் கொண்டாந்து செய்யலாமே?"

"மாடியில உம்மா படுத்திருக்கு. வாசல்ல சந்தூக்க எறக்கச் சொல்றியா? வெளங்குமா?"

அந்த உம்மாவும் ஒருநாள் அதில்தானே போக வேண்டும்? பெற்ற தாயைத் தூக்கப் போகும் சட்டத்தில் பட்டி! அவர் சோறு பிசையும் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 19
அவருக்குச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, நான் அடுப்படியிலேயே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 23
இன்று ஒரு ஜனாஸா ஊர்வலம். பள்ளி வாசலிலேயே கைப்பிடி கழன்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் மய்யித்தைத் தாங்கிப் பிடித்தார்களாம்.

சலாவுதீன் சொன்னது: "மய்யித்து வெயிட்டு லா. என்ன செய்றது?"

இவர் சொன்னது: "ஆமா காக்கா, நல்ல கனம்."

சீ! குற்றத்தைப் பிணத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். வாய் திறந்து மறுக்க முடியாத ஆள் வேறு யார் கிடைப்பார்?

ஏப்ரல் 24
நாங்கள் சண்டை போட்டது மாமியின் காதில் விழுந்துவிட்டது. மகனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா ஹைதர், நான் போற வண்டிய நான் பாக்கக் கூடாதா? கொண்டாடா. அதப் பாத்து நான் மௌத்தாயிடுவேன்னா, ஒன்னப் பாத்தே எப்பவோ போயிருப்பேன்."

சந்தூக்கு லோரியில் வந்து இறங்கியது. எதிர்க்கடை ரிஹானா கதவை இழுத்துச் சாத்தினாள். இவர் பெயிண்டைச் சுரண்டினார், பட்டி கட்டிகட்டியாக உதிர்ந்தது, அடியில் துரு. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அரத்தால் ராவி, கழன்ற கைப்பிடியைப் பொருத்தி, ஒட்டுப் பிடிக்க வெண்காரப் பொடி தூவி, நெருப்பைக் காட்டினார். பித்தளைக் கம்பி உருகியதும் இடுக்கு அதைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான் வேலை! இதற்கா அந்தப் பொய்?

மாமி ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். "ம்ம், இப்பத்தான் மூஞ்சில வேர்வை," என்றார்.

மே 9
மாமி போய்விட்டார்.

அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. வாசலில் நின்றேன். முன்கைப்பிடி இவர் தோளில். தெருமுனை திரும்பும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சட்டத்திலிருந்து ஒரு கிறீச்சுகூட இல்லை.

மே 14
இன்று கடை திறந்தார். இறங்கிப் போனால், ஒரு சக்கர நாற்காலியின் புதுப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"நல்லாத்தானே இருக்கு, இத ஏன் சுரண்டுறீங்க?"

"இதுவும் பட்டிதான்."

"யாரோடது?"

"வள்ளியம்மாள் அக்காவோடது. போன மாசம் செஞ்சு குடுத்தது."

டயாலிசிஸுக்கு அதில்தான் போய் வருகிறார் அந்த அம்மாள்.

"இன்னும் எத்தன இருக்கு?"

லோரிக்காரருக்குப் போன் போட்டார்.

மாலையில் லோரி வந்தது. பட்டி பூசிக் கொடுத்த நாற்காலிகளையும் சைக்கிள்களையும் ஒவ்வொன்றாக இறக்கினார். எண்ணிப் பார்க்கத் தெம்பில்லாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.