மாப்பிள்ளைக்கு ஆறு கம்பி

ஐயம்பேட்டை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜோதிகாவுக்கு அம்மா லில்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உன் தம்பி ஜான்சனும் இங்கே சுகம், பூனாவில் நீயும் அப்படியே இருக்க ஜெபம் பண்ணுகிறோம். உன் வீட்டுக்காரர் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, கைத்தவறுதலாய் விட்டுப்போனது என்று நினைக்காதே, தெரிந்துதான் விட்டேன். வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் அப்பா போனில் சொல்லிச் சிரித்திருப்பார். கிட்டார் கம்பி வாங்க நான் முதலில் போய் நின்றது ரயில்வே ரோட்டில் வீடு கட்டுகிற கம்பி விற்கும் கடையில். கம்பி வேணும்ப்பா என்றேன். எத்தனை எம்எம் என்றான். எனக்கு என்ன தெரியும், மெலிசாய்க் கொடு என்றேன். தளம் போடவா தூண் எழுப்பவா என்றான், பாட்டுப் பாட என்றேன். சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மேஸ்திரிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தர், "எக்கா, எட்டு எம்எம் எட்த்துக்கினு போ, கணீர்னு கேக்கும்" என்றார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பையும் உன் வீட்டுக்காரர் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

என் போனை நீ எடுப்பதில்லை, அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். அவர் ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டே பாதியைக் காதில் வாங்கி, பாதியைக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார். அதனால்தான் பார்சலுக்குள் கடிதம், கம்பியைப் பிரித்தால் இதையும் பிரித்துத்தானே ஆகவேண்டும். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து குண்டு குண்டாய்த்தான் இருக்கும், அதைக் காட்டி அவரோடு சேர்ந்து சிரிக்காதே. அப்பா சொன்னதில் எனக்கு விளங்கியது இது. அறுந்த கம்பிக்குப் பதில் ஒரு செட்டு நானே என் கையால் பார்த்து வாங்கி அனுப்ப வேண்டும், மாப்பிள்ளையிடம் என் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஜான்சன் கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார், அவர் வராமல் நீயும் வரமாட்டாய். அடி என் ராஜாத்தி, கல்யாணப் பெண் துளசி கழுத்தில் உன் தம்பி முதல் முடிச்சைப் போட்டதும் பின்னால் நின்று மற்ற முடிச்சைப் போட வேண்டியவள் யார், நாத்தனார். அவனுக்கு இருக்கிற ஒரே அக்கா நீ. பெண் வீட்டார் கேட்டால், எங்கள் மகள் ஒரு கம்பிக்காகக் கோபித்துக்கொண்டு பூனாவில் உட்கார்ந்திருக்கிறாள் என்றா சொல்வேன்? ஏற்கெனவே உன் பெரியப்பா மகள் காயத்ரி வாசலில் வந்து நின்றுகொண்டு, "சித்தி, ஜோதி வரலன்னா நான் போட்றேன் முடிச்சு, பொடவ இன்னா கலருன்னு மட்டும் சொல்லு" என்று பல்லைக் காட்டிக்கினு நிற்கிறாள். அவளுக்குச் சொந்த ஜடையே நிற்காது, அவள் போடுகிற முடிச்சு எனக்கு வேண்டாம்.

நடந்ததை நீ உன் வீட்டுக்காரர் வாயால் கேட்டுக் கேட்டு மறந்திருப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன். ஈஸ்டருக்கு வந்தீர்கள். கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். பார்த்தால் கம்பி எல்லாம் தொளதொளவென்று கிடந்தது. பயணத்துக்காக அவரே தளர்த்தி வைத்தாராம், எனக்கு அது எப்படித் தெரியும்? விடிந்தால் தறியில் உட்காருகிறவள் நான், தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தொய்ந்து கிடந்தால் கை சும்மா இருக்குமா? பாவு இழை தொய்ந்தால் சேலையே கோணிக்கொள்ளும், இறுக்கினால்தான் நெசவு. மருமகனுக்கு ஒரு உதவியாய் இருக்கட்டும் என்று கிட்டார் தலையில் கம்பி சுற்றியிருக்கிற காதுகளை ஒவ்வொன்றாய்த் திருகினேன். நன்றாய் விறைத்து வந்தது. பாவு இறுகினால் விரலில் தட்டும்போது ஒரு சத்தம் வருமே, அது வரட்டும் என்று இன்னும் ஒரு திருகு கொடுத்தேன். டப்பென்று அறுந்து என் மூக்கில் அடித்தது. மூக்கைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. இடுப்பில் துண்டோடு ஓடிவந்த உன் வீட்டுக்காரர் கேட்டாரே ஒரு வார்த்தை, "உங்க கை தறியோட நிக்கட்டும் அத்தை, இது மியூசிக்" என்று. இது மியூசிக்காம்! அதற்கு முந்தின நாள் அந்த மியூசிக்கைக் கேட்டவள் நான், வாசித்தது மூன்று பாட்டு, மூன்றும் ஒரே பாட்டாய்த்தான் கேட்டது. நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். "அறுந்தப்புறந்தான் மாப்ள சுருதியே சேந்துச்சு" என்றேன். அப்பா சிரித்தார், ஜான்சன் சிரித்தான், நீயும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய், நான் பார்த்தேன். மறுநாள் காலையில் ஊற்றிவைத்த இட்லியைக்கூடத் தொடாமல், கம்பி அறுந்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார், உன்னையும் இழுத்துக்கொண்டு. நீயும் போனாய். அதுதான் எனக்கு மூக்கில் அடித்ததைவிட வலித்தது, அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

சரி, கம்பிக்கு வருகிறேன். கோயில் மேளக்காரர்கள் தவிலுக்குத் தோல் மாற்ற வருகிற கடை ஒன்று இருக்கிறது, கடைக்காரர் பேர் பரசுராமன், மெதுவாய்ப் பேசுகிற மனிதர், என்னிடம் மாட்டிக்கொண்டார். கிட்டாரு அக்கூஸ்டிக்காக்கா என்று கேட்டார், பிளாஸ்டிக் இல்லப்பா, நல்ல மரம் என்றேன். அவர் சிரிக்காமல் மூன்று நான்கு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். ஒன்று நைலான், அது வேறு சாதிக் கிட்டாருக்காம், இரும்புக் கம்பி போடுகிற கிட்டாரில் அதைக் கட்டினால் சத்தமே எழும்பாதாம். அதையே கொடுப்பா என்றுதான் முதலில் கேட்டேன், கடவுள் என்னை மன்னிப்பார், ஆனால் அது சரியாய் நிற்காது என்று அவர் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இன்னொன்று வெண்கலக் கம்பி, அதிலே நம்பர் நம்பராய் இருக்கிறது. யாருக்கு, எப்படி வாசிப்பார் என்று கேட்டார். எங்க மாப்பிள்ளைக்கு, இருக்கிறதிலேயே விரலைக் கிழிக்கிற கம்பி எது என்றேன். தடிப்பான கம்பிதான் விரலுக்குக் கஷ்டம் என்றார். நமக்குத்தான் பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற மெலிசு ஆயிற்றே, அந்தக் கணக்கில், இருக்கிறதிலேயே சின்ன நம்பர் பத்து, அதைக் கொடு என்றேன். அவர் என்னையே பார்த்து, "பத்து கொழந்தைங்க கத்துக்கறதுக்குக்கா, பூ மாதிரி இருக்கும்" என்றார். கம்பியில் நம்பர் ஏற ஏறத் தடிப்பாம், எல்லாம் தலைகீழ். அப்படியானால் பதின்மூன்று கொடு என்றேன். பழைய கிட்டாராக இருந்தால் பதின்மூன்று இழுக்கிற இழுப்பில் கம்பி கட்டியிருக்கிற கட்டையே பிய்ந்து வந்துவிடும் என்றார். விரல் பிய்ந்தால் எனக்குச் சந்தோஷம், கட்டை பிய்ந்தால் அதுவும் என் தலையில்தான் விடியும், ஆகவே அதையும் வைத்துவிட்டேன். உங்கப்பா வெளியே ஆட்டோவில் ஆளை ஏற்றி வைத்துக்கொண்டு பாம் பாம் என்று அடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்த மனிதர் இன்னொரு பாக்கெட்டைக் காட்டி, "இது சில்க் அண்ட் ஸ்டீல்க்கா, விரலுக்கு மெதுவு, சத்தமும் மெதுவு" என்றார். சில்க் என்ற பேரைக் கேட்டதும் எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. உள்ளே இரும்பு, அதன் மேல் பட்டு, அதற்கு மேல் வெள்ளி பூசின கம்பிச் சுற்று என்றார். அடடா, நம் சரிகை மாதிரிதானே இது, பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றினால் சரிகை. மியூசிக் மியூசிக் என்று குதித்த மனிதருக்கு நம் தறி சாமானையே கட்டி அனுப்புகிறேன், வாசிக்கட்டும், வாசிக்கும்போதெல்லாம் என் ஞாபகம் வரட்டும் என்று அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சத்தம் மெதுவு என்பது பூனாவில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் செய்கிற ஊழியம். ஆனால் காஞ்சிபுரத்துக்காரி பட்டு என்று சொன்னால் அப்படியே நம்பிவிடுவேனா? வீட்டுக்கு வந்ததும் இருக்கிறதிலேயே தடித்த கம்பியை எடுத்து நுனியில் சுற்றைப் பிரித்தேன், உள்ளே வெள்ளையாய் இழை இருந்தது. பிய்த்து நெருப்பில் காட்டினேன். நல்ல பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், கையில் தேய்த்தால் பொடியாகும், உனக்கே தெரியும். இது சுருண்டு உருகி மணி மாதிரி ஆகிவிட்டது, பிளாஸ்டிக் நாற்றம். வந்ததே எனக்குக் கோபம். அப்பா சோற்றில் கை வைத்திருந்தார், அப்படியே எழுப்பி ஆட்டோவை எடுக்கச் சொல்லி மறுபடி கடைக்குப் போய், காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு போலிப் பட்டு விற்கிறாயா என்று போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஜனமெல்லாம் ஏதோ கல்யாணப் புடவைத் தகராறு என்று கூடிவிட்டது. ஒரு அம்மாள் என் பக்கம் சேர்ந்துகொண்டு, "வுடாதம்மா, எனுக்கும் இப்டித்தான் ஒரு தபா ஏமாத்தினாங்க" என்று புடவையைக் காட்டச் சொன்னாள். நான் கம்பியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பரசுராமன் மட்டும் அதே மெதுவான குரலில், "எக்கா, பேருதான் சில்க்கு, பட்டுக்கோசரம் யாரும் வாங்கறதில்ல. இது கட்டிக்கறதுக்கு இல்லக்கா, கட்டி வாசிக்கறதுக்கு. கொளுத்திட்டு வந்தா நான் இன்னா பண்றது" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார், கவனித்துக்கொண்டேன்.

கடைசியில் வாங்கியது பன்னிரண்டாம் நம்பர் வெண்கலக் கம்பி. மாப்பிள்ளை கிட்டாரோடு நிற்கிற உங்கள் போட்டோவை ஜான்சன் என் போனுக்கு அனுப்பினான், பரசுராமன் அதைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்து, சபையில் பாட்டுக்குத் தட்டி வாசிக்கிறவர் என்றால் இதுதான் சரி, ரொம்ப மெலிசும் இல்லை ரொம்பத் தடிப்பும் இல்லை, கடைசி பெஞ்சு வரை கேட்கும் என்றார். ஆறு கம்பியும் முழுசாய் இருக்கிறது, நான் எதையும் கொளுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றைக் கட்டச் சொன்னார், வாசித்ததும் வியர்வையைத் துணியால் துடைத்து வைத்தால் நிறைய நாள் வருமாம். இதை அவரிடம் சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே, சொன்னால் வேண்டுமென்றே துடைக்க மாட்டார்.

ஆனால் மன்னிப்பு கிடையாது. கம்பியை அறுத்தேன், கம்பி அனுப்பிவிட்டேன், அது தீர்ந்தது. என் தறியைச் சொன்ன வார்த்தைக்கு அவர் என்ன அனுப்பப் போகிறார்? என் கை தறியோடு நிற்கட்டுமாம், நின்றால் அவர் உன்னைக் கட்டிக்கொண்டு போன அன்று நீ உடுத்தினாயே முகூர்த்தப் புடவை, அது தானாய் நெய்துகொண்டதா? அவர் வந்தால் இலை போடுவேன், கறி வைப்பேன், மாப்பிள்ளை என்ற மரியாதையில் ஒரு குறையும் இருக்காது, முகம் மட்டும் கொடுக்க மாட்டேன். அந்தப் பக்கமாய்த் திரும்பிக்கொண்டே ரசம் ஊற்றுவேன், இலையில் விழுந்தால் சரி, மடியில் விழுந்தால் அவர் பாடு. நீ மட்டும் எப்படியாவது வந்துவிடு ஜோதி. ஜான்சன் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறான், ஆனால் துளசி போன் பண்ணும்போதெல்லாம் அக்கா வருவாங்க, அக்கா வந்துடுவாங்க என்று சொல்லிக்கினேதான் இருக்கிறான். அவனை நான் பொய்யனாக்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, அங்கே மழை ஜாஸ்தி என்கிறார்கள், தலையை ஈரத்தோடு பின்னாதே. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் இருக்க ஆண்டவர் கையை உங்கள் தலைமேல் வைக்கட்டும், இரண்டு பேரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், மறுபடி படித்துப் பார். வரும்போது நகத்தை வெட்டிக்கொண்டு வா, நகம் நீளமாயிருந்தால் மஞ்சள் கயிறு வழுக்கும், முடிச்சு விழாது.

உன்னைப் பெற்றவள்,
யே. லில்லி

பி.கு. கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் அப்பா வாங்கிப் படித்துவிட்டு, "இன்னாமே, பொண்ணு வர்ணுமா, ஒன் ரோஷம் ஜெயிக்கணுமா" என்று கேட்டார். ஆகவே தறியில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் பேசிப் பதிந்து அனுப்பினேன். மாப்பிள்ளை, நான் கைவைத்தது தப்பு, ஏதோ பழக்கத்தில் முறுக்கிவிட்டேன், அறுந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். அது கை மாறி நம் சபையின் பெண்கள் ஐக்கிய குரூப்புக்குப் போயிருக்கிறது. எல்லாரும் ஆமென் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரி என்று இரண்டொருவர் கேட்டிருக்கிறார்கள். ஆயர் அம்மா என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்காக விசேஷ ஜெபம் இருக்கிறது.